உடம்பை அளந்தார்கள், சாப்பாட்டைக் கேட்கவில்லை

கொழும்பில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் என்று நீண்ட தூரம் ஓடும் பெண்பிள்ளைகளுக்காகவும், விடியக் காலையில் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் அம்மா அப்பாமாருக்காகவும் இதை எழுதுகிறேன். விளையாட்டு விஞ்ஞானம் என்ற பெயரில் எனக்கு நடந்த நல்லதும் கெட்டதும் இதில் இருக்கின்றன. காசு இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. ஒரு போட்டிப் பருவம் முழுதாகப் போனது. வலது கால் எலும்பில் வெடிப்பு வந்தது. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்போது எனக்கு விளங்கும் மாதிரி எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி நடந்திருக்காது.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். பாடசாலையில் 1,500 மீற்றரில் தொடங்கி, வயது கூடக் கூடத் தூரமும் கூடியது. வேலை கோட்டையில் ஒரு கம்பனியில். நாலரைக்கு எழும்பி சுகததாச விளையாட்டரங்கிலோ டொரிங்டன் மைதானத்திலோ ஓடி முடித்து, அங்கேயே குளித்து, ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். பின்னேரம் திரும்பவும் ஓட்டம், பெரும்பாலும் காலிமுகத்திடலில். தேசிய மட்டப் போட்டிகளில் இறுதிச் சுற்றுவரை முன்னணிக் கூட்டத்தோடு போவேன், கடைசி இரண்டு சுற்றில் விடுபட்டுவிடுவேன். அந்த நேரத்தில்தான் எங்கள் கோச் "இனி எல்லாம் சயன்ஸ்படிதான்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த ஒரே திட்டம், நேற்று ஓடியதைவிட இன்று கூட ஓடுவது. வெளிநாட்டு வீராங்கனைகளுக்குக் கிடைப்பது எனக்கும் கிடைக்கப் போகிறது என்று நினைத்து இரவு நித்திரையே வரவில்லை.

ஒரு தனியார் இடத்தில் டெஸ்ட் எடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க்கைக் கட்டி ட்ரெட்மில்லில் ஏற்றுவார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டி, இடையில் நிறுத்தி, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். வேர்வை அந்தச் சொட்டில் கலந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் விரலை நன்றாகத் துடைத்து, முதல் சொட்டை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு எடுத்த பையன் அதைப் பொறுமையாகச் செய்தான். உங்களுக்கு எடுப்பவர் துடைக்காமல் எடுத்தால் வாய் திறந்து சொல்லுங்கள், காசு உங்களுடையது.

மாஸ்க் காட்டுவது உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பதை. அதன் உச்சம்தான் எல்லோரும் பெரிதாகப் பேசும் விஓ2 மேக்ஸ். இரத்தச் சொட்டு காட்டுவது லக்டேட், தசை கடுமையாக வேலை செய்யும்போது இரத்தத்தில் சேரும் பொருள். மெதுவாக ஓடும்போது அது லீற்றருக்கு 1, 2 மில்லிமோல் அளவில் நிற்கும். ஒரு வேகத்தைத் தாண்டினால் உடம்பு அகற்றுவதைவிடச் சேர்வது கூடி, மளமளவென்று ஏறிவிடும். பழைய கணக்கில் 4 மில்லிமோலை அந்த எல்லையாக வைப்பார்கள், உண்மையில் அது ஆளுக்கு ஆள் மாறும். நீண்ட தூரக்காரருக்கு விஓ2 மேக்ஸைவிட இந்த எல்லை எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் கூடப் பிரயோசனம். பிரித்தானியாவின் போலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடினார். அவரைப் பதின்ம வயதிலிருந்து தொடர்ந்து அளந்து வந்திருக்கிறார்கள். விஓ2 மேக்ஸ் அத்தனை வருடமும், உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றரிலேயே நின்றது. அதே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஒட்சிசன்தான் வருடத்துக்கு வருடம் குறைந்தது. ஆகவே விஓ2 மேக்ஸ் எண்ணை மட்டும் பார்த்து உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தை யாராவது சொன்னால் எடுபட வேண்டாம்.

அந்த ரிப்போர்ட்டால் எனக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். நான் இலேசான ஓட்டம் என்று நினைத்து ஓடியதெல்லாம் இலேசே இல்லை என்று லக்டேட் காட்டிக் கொடுத்தது. உலகத் தரத்தில் ஓடுகிறவர்கள், படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் பெரும்பாலும் தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கை மிக மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீற்றர் தங்கம் வாங்கிய நோர்வேயின் ஜேக்கப் இங்கெப்ரிக்ட்சன் கடும் பயிற்சியின் நடுவில் விரலைக் குத்தி லக்டேட் பார்ப்பதும் வேகம் கூடிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். நாங்கள் அதுவரை எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தோம், இலேசான நாளும் களைப்பு, கடும் நாளும் அரைகுறை. மெதுவான நாளை உண்மையிலேயே மெதுவாக ஓடத் தொடங்கியதும் சில மாதத்தில் என் 5,000 மீற்றர் நேரம் நன்றாக இறங்கியது. இதற்கு லாப் கூடத் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

சூட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கொழும்பில் இது பெரிய விஷயம். டெஸ்ட் எடுத்தது ஏசி அறையில். அங்கே வந்த வேகத்தை அப்படியே தாளில் எழுதி, மைதானத்தில் ஓடச் சொன்னார்கள். விடியக்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் இங்கே ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். வேர்வை வழிகிறது, காய்வதில்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் ஏசி அறையில் 160ஆக இருந்த இதயத் துடிப்பு அதே வேகத்துக்கு வெளியே 170ஐத் தாண்டும். வேகத்தைப் பிடிக்க முடியாமல் நாங்கள் தடத்தில் விழுந்து கிடந்தபோது மனத்திடம் போதாது என்று பேச்சு வாங்கினோம். லாபில் கிடைத்த வேகத்தை எடுக்காமல் இதயத் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் லக்டேட்டை ஓடும் இடத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள், கையடக்கமான கருவிதான் அது. ஓட முன்னும் பின்னும் ஈர உடுப்பைக் கழற்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் வேர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் உப்புக் குறைவதும் ஆபத்து.

இனி கெட்டதுக்கு வருகிறேன். அந்த டெஸ்டின் கடைசிப் பகுதி, தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பளக்கும் இடுக்கி. புயத்தின் பின்புறம், வயிறு, தொடை என்று கிள்ளி ஒரு சதவீதம் போட்டார்கள். கீழே யாரோ பேனாவால் "2 முதல் 3 கிலோ குறைக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் தாளின் மற்ற எண்கள் எல்லாம் மறந்துவிட்டன, இந்த ஒரு வரி மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கழகத்தில் ஒவ்வொரு திங்களும் எடை பார்த்து, பெயரோடு பலகையில் எழுதத் தொடங்கினார்கள். ஆண்பிள்ளைகளும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் இரவில் சோற்றை நிறுத்தினேன். காலையில் ஓட்டத்துக்கு முன் ஒன்றும் இல்லை, பிறகு பிளேன்ரீயும் இரண்டு துண்டு பாணும். அம்மா புட்டும் முட்டைக் கறியும் கட்டித் தருவா, அலுவலகத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். எடை இறங்கியது. முதல் இரண்டு மாதம் நேரமும் இறங்கியது, அதுதான் இதில் உள்ள பெரிய பொறி. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் பாராட்டுவார்கள்.

அப்புறம் மாதவிடாய் நின்றது. முதலில் தள்ளிப் போனது, பிறகு வரவே இல்லை. ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டேன். "கடும் பயிற்சி என்றால் அப்படித்தான், நல்லாத் தயாராகிட்டாய் என்று அர்த்தம்" என்றா. அவவுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அம்மாவிடம் சொன்னால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவா என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கோச் ஆண், அவரிடம் இதைக் கதைப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது நல்ல தயார்நிலையின் அடையாளம் இல்லை. பெரும்பாலும், செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காததால் உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது என்பதுதான் அர்த்தம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கு ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை, என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது, 2023இல் புதுப்பித்தது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு மாதவிடாய் மாதிரி வெளியே தெரியும் மணி ஒன்று அடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, எந்த லாபும் வேண்டாம். 50 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை, அதில் கொழுப்பு நீங்கலாக 42 கிலோ என்று வைப்போம். ஒரு கிலோமீற்றர் ஓட, உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கலோரி போகும். காலை மாலை சேர்த்து 16 கிலோமீற்றர் ஓடினால் 800 கலோரி. அவள் நாள் முழுக்க 1,900 கலோரி சாப்பிட்டால், ஓட்டம் போக மிச்சம் 1,100. அதை 42ஆல் வகுத்தால் 26 வருகிறது. உடம்பு நன்றாக இயங்க இந்த எண் 45 அளவில் இருக்க வேண்டும், 30க்குக் கீழே நீண்ட நாள் நின்றால் ஹோர்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாக அடிபடத் தொடங்கும். 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் கோடு அல்ல, ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை 45ஐத் தொட 2,700 கலோரி சாப்பிட வேண்டும். 1,900 என்பது பார்வைக்குக் குறைந்த சாப்பாடு மாதிரியே தெரியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அது போதும். அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது நுவரெலியா முகாம். உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் ஒரு ஹோர்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூட்டும், மூன்று நாலு கிழமை இருந்தால் பலன் தெரியும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஐரோப்பிய வீரர்கள் போகும் சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் கிட்டத்தட்ட அதே உயரம், கென்யாவின் இட்டன் 2,400 அளவில். ஆக இடம் பரவாயில்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என் பங்கைக் கட்டி, சம்பளமில்லா லீவு எடுத்துப் போனேன். மற்றவர்கள் இரண்டாம் கிழமையில் தேறிவிட்டார்கள், நான் நாளுக்கு நாள் மோசமானேன். கிரகறி வாவியைச் சுற்றி இலேசான ஓட்டத்துக்கே கால் எழும்பவில்லை. இரவில் குளிரில் நடுங்கி, விடியும்வரை முழித்துக்கொண்டு கிடப்பேன். அங்கே தனியாக அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் மிகச் சாதாரணமானது. சிவப்பணு செய்ய இரும்புச்சத்து வேண்டும், என் உடம்பில் அது இல்லை. முகாமுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தார்கள்தான், ஆனால் பார்த்தது ஹீமோகுளோபினை மட்டும். அது 12க்குச் சற்று மேலே இருந்ததால் "நோர்மல்" என்று விட்டுவிட்டார்கள். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின். சேமிப்புத் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் விழும். கொழும்புக்கு வந்து நானே கேட்டு எடுத்தபோது என் ஃபெரிட்டின் 12. அந்தத் தாளில் கீழ் எல்லை 10 என்று அச்சிட்டிருந்ததால் பக்கத்தில் ஒரு குறிகூடப் போடவில்லை. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு 30, 35க்குக் கீழே போனாலே விளையாட்டு வைத்தியர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். மலைக்குப் போவதென்றால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஃபெரிட்டினைப் பாருங்கள், குறைவாக இருந்தால் அதைக் கூட்டுவதற்கு நேரம் வேண்டும். காய்ச்சல், தடிமன் இருக்கும்போதும் கடும் பயிற்சிக்கு மறுநாளும் எடுக்க வேண்டாம், அப்போது ஃபெரிட்டின் இருப்பதைவிடக் கூடக் காட்டும்.

எங்கள் நாட்டில் இதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது, தேயிலை. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்காமல் அந்தத் தேயிலையின் சாயம் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய், தோடம்பழம், கொய்யா ஏதாவது ஒன்று சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். கடும் ஓட்டம் முடிந்து மூன்று முதல் ஆறு மணித்தியாலத்தில் உடம்பு இரும்பை எடுப்பது குறையும், அதனால் குளிசை எடுப்பதென்றால் காலையில் ஓட முன்னாலோ ஓடி முடித்த உடனேயோ எடுக்கச் சொன்னார்கள். தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் நன்றாகச் சேரும், வயிறும் அவ்வளவு பிரட்டாது.

ஆனால் பரிசோதிக்காமல் நீங்களாக இரும்புக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். இலங்கையில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் சிவப்பணு சிறிதாகத் தெரியும், இரும்புக் குறைவு போலவே இருக்கும், ஆனால் இரும்பு தேவைப்படாமல் இருக்கலாம். இன்னொன்று, "ஒரு ட்ரிப் ஏற்றினால் சரியாகிவிடும்" என்று எனக்கு ஒருவர் சொன்னார். ஊக்கமருந்தைத் தடுக்கும் உலக அமைப்பான வாடாவின் விதிப்படி 12 மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தக் குழாய் வழியாக எதை ஏற்றினாலும், உள்ளே தடைசெய்யப்படாத பொருள்தான் என்றாலும், குற்றம். வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திர சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக முறையாகக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. தேசிய மட்டத்தில் ஓடுகிற பிள்ளை தெருமுனை டிஸ்பென்சரியில் சேலைன் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இது எங்கள் கழகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முகாமிலிருந்து வந்த சில கிழமையில் வலது முழங்காலுக்குக் கீழே, உட்பக்கத்தில் ஒரு வலி. முதலில் ஓடத் தொடங்கும்போது இருந்து பிறகு மறைந்தது. அப்புறம் ஓடும் நேரம் முழுக்க வலி இருந்தது. பிறகு படுக்கையிலும் வலித்தது. விரலால் தடவினால் ஒரு ரூபாக் குற்றியளவு இடத்தில் மட்டும் உயிர் போகும். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை, ஓடலாம் என்றார்கள். அழுத்தத்தால் எலும்பில் வரும் வெடிப்பு முதல் சில கிழமைக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும் என்பதை எனக்கு அப்போது சொல்வதற்கு ஆள் இல்லை. வலியோடு ஒரு போட்டியும் ஓடினேன். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தபோது கணைக்கால் எலும்பில் வெடிப்பு. ஒரு புள்ளியில் மட்டும் வலி, இரவிலும் வலி, அந்தக் காலில் ஒற்றையாகக் கெந்தினால் வலி என்றால் எக்ஸ்ரே சுத்தம் என்று நம்பி ஓட வேண்டாம். வலி இடுப்பு மடிப்பில் என்றால் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில் வெடித்தால் சத்திர சிகிச்சைவரை போகும்.

2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் 2 நிமிடம் 3.20 செக்கனில் தங்கம் வாங்கியதை நான் காலை நீட்டிக்கொண்டு வீட்டு டிவியில் பார்த்தேன். சந்தோஷத்தில் கத்தினேன், பத்து நிமிடம் கழித்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுடைய வெற்றியில் எனக்குப் பொறாமை இல்லை. என் உடம்பு எனக்கு ஏன் துரோகம் செய்தது என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பதில் கிடைத்தது ஒரு அரச வைத்தியசாலையின் விளையாட்டு மருத்துவ கிளினிக்கில். துண்டு எடுத்து, மரவாங்கில் அரை நாள் காத்திருந்தேன். உள்ளே இருந்த பெண் வைத்தியர் எம்ஆர்ஐயைக் கையில் வாங்க முதலே, "மகள், கடைசியா எப்ப வந்தது?" என்று கேட்டா. என்ன கேட்கிறா என்று எனக்கு உடனே விளங்கியது. பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். அதுவரை என்னைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அடுத்து, "நேற்று காலை எழும்பியதிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கோ" என்றா. அப்புறம் நித்திரை. இந்த மூன்று கேள்விக்கும் ஒரு சதம் செலவில்லை.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதித் தந்தா. மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரஜன் குறைகிறது, ஈஸ்ட்ரஜன் குறைந்தால் எலும்பு தேய்வது கூடுகிறது, அந்த எலும்பில் கிழமைக்கு நூறு கிலோமீற்றர் ஓடினால் வெடிக்காமல் என்ன செய்யும்? இதற்கு முன் வேறொரு இடத்தில் எனக்கு மாதவிடாயை வரவைக்கக் குளிசை எழுதியிருந்தார்கள். அந்தக் குளிசையில் வரும் இரத்தப்போக்கு உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல, உண்மை நிலையை மறைத்துவிடும் என்று இவ விளக்கினா. மருந்து சாப்பாடுதான் என்றா. கேட்கச் சுலபமாக இருக்கும். மாதக்கணக்காகப் பயந்து ஒதுக்கிய சோற்றை இரவில் திரும்பவும் தட்டில் போட எனக்குக் கை நடுங்கியது. அம்மாவிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவ திட்டவில்லை. மறுநாள் காலையில் இடியப்பம், சொதி, முட்டை வைத்துவிட்டு நான் சாப்பிட்டு முடியும்வரை முன்னால் கதிரையைப் போட்டு இருந்தா.

இப்போது ஓட முன் ஒரு வாழைப்பழமாவது போகும். ஓடி முடித்து அரை மணித்தியாலத்துக்குள் பாலும் பழமும், அலுவலகத்துக்குப் போனதும் கட்டிக்கொண்டு போன முழுச் சாப்பாடு. பையில் எப்போதும் கச்சானோ பேரீச்சம்பழமோ இருக்கும். எடை கூடியது. மாதவிடாய் திரும்ப வர பல மாதம் எடுத்தது, வந்த அன்று பரிசு கிடைத்த மாதிரி அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். எலும்பு ஆறிய பிறகு நடை, நடையும் ஓட்டமும், பிறகு தொடர் ஓட்டம் என்று ஏற்றினார்கள். வேகம் கடைசியாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

கோச்சோடு கதைக்கத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டது. வைத்தியரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். எடைப் பலகையை எடுத்தார்கள். மாதவிடாய்த் தேதியைப் பிள்ளைகள் கழகத்தில் உள்ள ஒரு பெண் உதவியாளரிடம் மட்டும் சொல்வதென்று ஏற்பாடு செய்தார்கள், அது வேறு யார் கையிலும் போகாது. உங்கள் கழகத்தில் பெண் ஒருவரும் இல்லையென்றால் பெற்றோர் சேர்ந்து கேளுங்கள், தனியாக ஒரு பிள்ளை கேட்டால் அவளைத்தான் ஒதுக்குவார்கள்.

இனி யாராவது லாப் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எந்த வரிசையில் காசைச் செலவழிப்பது என்று சொல்கிறேன். முதலில் ஒரு கொப்பியில் மாதவிடாய்த் தேதி, நித்திரை, காலை எழும்பியதும் இதயத் துடிப்பு, அன்றைய ஓட்டம், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி. அடுத்தது முழு இரத்தப் பரிசோதனையும் ஃபெரிட்டினும், முடிந்தால் விற்றமின் டியும், வருடத்தில் இரண்டு தடவை. இவை ஒழுங்கானால் லக்டேட் டெஸ்ட் எடுக்கலாம், அதற்குப் பெறுமதி உண்டு. விஓ2 மேக்ஸ் கடைசியில். கொழுப்பளப்பதை, அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுத் தெளிவான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை.

தனியாருக்கு ஓட முன் விளையாட்டு அமைச்சின் கீழ் கொழும்பில் இருக்கும் விளையாட்டு மருத்துவ நிறுவகத்தையும், விளையாட்டு மருத்துவ கிளினிக் உள்ள அரச வைத்தியசாலைகளையும் விசாரியுங்கள். காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அங்கே இருப்பவர்கள் இதற்கென்றே படித்தவர்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் பழைய ரிப்போர்ட்டுகளின் பிரதிகளையும் கொண்டுபோங்கள். என் முதல் லாப் ரிப்போர்ட்டைக் கோச்சிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பிரதி தராமல் இழுத்தடித்தார்கள், பற்றுச்சீட்டில் என் பெயர் இருந்ததைக் காட்டிய பிறகுதான் கிடைத்தது. காசைக் கழகத்தின் பெயரில் கட்டாமல் உங்கள் பெயரில் கட்டி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.